அரைப் பக்க உளவியல்

விளம்பரம் தருவதாகச் சொன்ன பெயின்ட் கம்பெனி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. வார இதழில் அரைப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. பொறுப்பாசிரியர் கண்ணாடித் தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, "யாராவது எதையாவது எழுதி ரொப்புங்கப்பா, அச்சகத்துக்காரன் கழுத்துல கத்தி வைக்கிறான்" என்றார். அந்த நேரம் கை காலியாக இருந்தது ஒருத்திக்குத்தான். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள்.

தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டாள். தலைப்பு: 'நீங்கள் படைப்பாளியா? அடையாளங்கள் இதோ!' இந்த மாதிரி சமாசாரங்களில் ஒரு சூட்சுமம் உண்டு, அது அவளுக்குத் தெரியும். ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும், கையோடு அதற்கு நேர் எதிரானதையும் சொல்ல வேண்டும், நடுவில் ஒரு 'ஆனால்'. தனிமையை விரும்புவார், ஆனால் பிடித்தவர்கள் இருந்தால் கூட்டத்திலும் களைகட்டுவார். சட்டென்று கோபம் வரும், ஆனால் அதைவிடச் சட்டென்று மனம் இளகிவிடும். அன்றாட வேலைகளை மறப்பார், ஆனால் மனம் ஒன்றிய விஷயத்தில் இம்மியும் பிசகமாட்டார். மற்றவர்கள் தன்னை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்ற ஏக்கம் உள்ளுக்குள் இருக்கும். இதில் எது எந்த மனிதனுக்குப் பொருந்தாது?

ஒரே ஒரு வரி மட்டும் வேண்டுமென்றே சேர்த்தது. 'குளித்துவிட்டு ஈரத் துண்டை எங்கே போட்டோம் என்பதுகூட இவர்களுக்கு நினைவிருக்காது.' காலையில்தான் தன் கட்டில்மேல் கிடந்த ஈரத் துண்டை விரல் நுனியால் தூக்கிப் போட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். துண்டு அக்கா கணவருடையது. கீழே 'உளவியல் குழு' என்று கையெழுத்துப் போட்டுப் பக்கத்தை அனுப்பிவிட்டாள்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள். நாலாவது மாடி. அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவள். அக்கா கணவர் நாடகங்களுக்கு இசையமைப்பவர். வீட்டில் வெளிச்சம் வரும் ஒரே அறை அவருக்கு. அந்த வெளிச்சமும் உள்ளே வராதபடி சன்னலில் பஞ்சு மெத்தையை ஒட்டி வைத்திருந்தார், சத்தம் வரக்கூடாதாம். சின்னவள் அவரை முறைப்படி மாமா என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல்லில் எவ்வளவு விஷம் ஏற்றலாம் என்பது அவள் வாயால் கேட்டால்தான் தெரியும். அவரும் சளைத்தவரில்லை. இதழில் அவள் வேலை அச்சுப் பிழை பார்ப்பது என்பதால், அவளுக்கு அவர் வைத்த பெயர் 'பிழைதிருத்தம்'. "என்ன பிழைதிருத்தம், இன்னிக்கு எத்தனை எழுத்துக்குக் கால் போட்ட?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

இதழ் வந்த அன்று அவர் அந்த அரைப் பக்கத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"பாருடி, அச்சு அசலா நான்தான்" என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஈரத் துண்டு வரைக்கும் எழுதியிருக்கான். யாரோ பெரிய ஆராய்ச்சி பண்ணியிருக்கான்."

அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டே படித்தாள். "ஆமா, இல்ல?" என்றாள். சின்னவளுக்குத் தொண்டைவரை சிரிப்பு வந்தது. தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தாள். சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் ஆடட்டும், வேடிக்கை பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

அவர் நன்றாகவே ஆடினார். மின் கட்டணம் கட்ட மறந்தால் ஃப்ரிட்ஜைக் காட்டுவார். அக்காவின் கடை முதலாளி வீட்டு விசேஷத்தில் யாரோடும் பேசாமல் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டு, வந்ததும் ஃப்ரிட்ஜைக் காட்டுவார். தட்டைத் தூக்கி எறிந்த அன்றும் அதே கதவு, அதே விரல். அக்கா காலையில் பால் எடுக்கும்போது அந்தக் காகிதத்தை ஒரு முறை படிப்பாள், பிறகு கதவைச் சாத்துவாள்.

அப்புறம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். பெரிய ஆபத்தில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் தானே வந்து கூட்டிப்போவதாக மாமா சொல்லியிருந்தார். "ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லாதே, நான் என்ன குழந்தையா?" என்று எரிந்தும் விழுந்திருந்தார்.

அன்று சின்னவள் மதியமே அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். லிஃப்ட் ஓடவில்லை. படியேறி வந்தால், நாலாவது மாடியில், வெளியே பூட்டு தொங்காத வீட்டு வாசலில், கடைசிப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரிப் பை. ஒரு கை வயிற்றுத் தையலை அழுத்திப் பிடித்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"அக்கா! ஏன் இங்க உட்கார்ந்திருக்க?"

"பெட்டை வேற ஆளுக்குக் குடுக்கணும்னாங்க. எவ்வளவு நேரம் வராந்தாவுல உட்காருறது? டாக்சி பிடிச்சு வந்தேன். பெல் அடிச்சேன், கதவு உள்ள தாழ் போட்டிருக்கு. காதுல மாட்டியிருப்பார் போல."

சின்னவள் கதவை உள்ளங்கையால் அறைந்தாள். பிறகு செருப்பைக் கழற்றி அதனால் அடித்தாள். நெடுநேரம் கழித்துத் திறந்த மாமாவின் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. கண்கள் பளபளத்தன.

"வந்துட்டியா? காலையிலேர்ந்து ஒரு மெட்டு பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. விட்டா ஓடிப்போயிடும். ஃபோனை அணைச்சுட்டேன்" என்றார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் திணறினார். அப்புறம், பழக்க தோஷம், கை சமையலறைப் பக்கம் நீண்டது. "அதுல எழுதியிருக்கே, மனம் ஒன்றிட்டா..."

"அதை எழுதினதே நான்தான்" என்றாள் சின்னவள்.

"எதை?"

"அந்தக் குப்பையை. விளம்பரம் வரல, அரைப் பக்கம் காலி. டீ குடிச்சுக்கிட்டே கிறுக்கினேன். ஆராய்ச்சியும் கிடையாது, உளவியல் குழுவும் கிடையாது. தெருவுல போற யாரை நிறுத்திக் கேட்டாலும் 'அட, இது நான்தான்'னு சொல்லுவாங்க. அப்படித்தான் எழுதறது மாமா."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா அளக்காதே."

"ஈரத் துண்டு உங்களோடதுதான். அன்னிக்கு என் கட்டில்ல கிடந்தது."

இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் சின்னவளால் தாங்கவே முடியவில்லை. "அப்போ என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கே! ஒரு படைப்பாளியைப் பக்கத்துலயே வச்சுப் பார்த்து எழுதினா சரியாத்தானே வரும்? இதைவிட என்ன ஆராய்ச்சி வேணும்?"

அவள் பதில் சொல்வதற்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூச்சு வாங்க மேலே வந்தார். படியேறி வரும்போதே சின்னவள் அவருக்கு ஃபோன் போட்டு லிஃப்ட் விஷயமாகக் கத்தியிருந்தாள். மாடிப்படியில் துப்பாதே, சைக்கிள் நிறுத்தாதே, உரக்கப் பேசாதே என்று சுவர் முழுக்க அறிவிப்பு ஒட்டுகிற மனிதர். அவர் சிரித்து அந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"இதோ வந்துட்டார்" என்றாள் சின்னவள். விடுவிடுவென்று உள்ளே போய்க் காகிதத்தைப் பிய்த்து எடுத்து வந்தாள். "சார், லிஃப்ட்டை அப்புறம் பார்க்கலாம். இதைக் கொஞ்சம் கேளுங்க. உங்களைப் பத்தி ஒருத்தர் சொன்னது." படைப்பாளி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் படித்தாள். தனிமை, கூட்டம். கோபம், இளகல். மறதி, ஈடுபாடு. யாரும் புரிந்துகொள்ளாத ஏக்கம்.

செயலாளர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "யாரும்மா சொன்னது? என் பொண்ணா?"

"சரியா இருக்கா சார்?"

"கட்டின பொண்டாட்டிக்கே இவ்வளவு தெரியாதும்மா." அவர் குரல் கம்மியது. "எல்லாரும் என்னை முசுடுன்னு நினைக்கிறாங்க."

சின்னவள் வெற்றியோடு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு நிதானமாகக் கேட்டார். "சார், நீங்க ஏதாவது எழுதுவீங்களா?"

செயலாளர் வெட்கப்பட்டார். அதையும் அந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்ததில்லை. "காலேஜ்ல கொஞ்சம் கவிதை... இப்பல்லாம் விட்டுட்டேன்."

"பார்த்தியா பிழைதிருத்தம்? சாருக்குள்ள ஒரு கலைஞன் இருந்திருக்கான். கொன்னுட்டாங்க. பொருந்தாம என்ன பண்ணும்?"

இப்படி ஓர் ஆளை என்ன சொல்லி மடக்குவது? காகிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து அவர் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவளை இன்னும் யாரும் படியிலிருந்து எழுப்பவில்லை.

"நீயாடி எழுதின?"

"ஆமாக்கா. சும்மா, இடம் ரொப்ப..."

"அன்னிக்கு நான் அதைப் படிச்சப்ப எதிர்ல உட்கார்ந்து தின்னுக்கிட்டு இருந்தியே."

"அக்கா..."

"தினம் காலையில படிப்பேன். இவர் கத்தினா, எறிஞ்சா, இதெல்லாம் இந்த மாதிரி ஆளுங்களுக்கு இயல்புதான், நமக்குத்தான் புரியலன்னு நினைச்சுக்குவேன். விவரம் தெரிஞ்ச யாரோ எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன். அதை வச்சுத்தான் இவ்வளவு நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நீ பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்க."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசாதீங்க" என்றாள் அக்கா. சுவரைப் பிடித்துத் தானே எழுந்தாள். தூக்கிவிட வந்த இருவர் கையையும் தட்டிவிட்டாள். செயலாளர் எப்போது கீழே இறங்கிப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா பின்னறையில், சின்னவளின் கட்டிலில் படுத்துக்கொண்டாள். இரண்டு பேரோடும் பேச்சு இல்லை. கஞ்சி கொண்டுவந்து வைத்தால் குடிப்பாள், கிண்ணத்தைக் கீழே வைப்பாள். வேறு வழியில்லாமல் ஜென்மப் பகைவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சமையலறையை ஓட்டினார்கள். அடுப்பின் இடதுபக்கம் அவர், வலதுபக்கம் அவள். "உப்பு" என்பார். டப்பாவை அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நகர்த்தி வைப்பாள். ஒரு நாள் அவர், "உனக்குப் பொறாமை. உன்னால எதையும் உருவாக்க முடியாது, அடுத்தவன் எழுதினதுல குத்தம் கண்டுபிடிக்கத்தான் தெரியும். அதனாலதான் படைப்பாளின்னு ஒருத்தனே கிடையாதுன்னு சாதிக்கிறே" என்றார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும் மாமா. உங்களுக்கு வேலை செய்ய வலிக்குது, அதுக்கு ஒரு நல்ல பேரு வேணும்" என்றாள். சொன்ன இருவருக்குமே சொன்னது வலித்தது. இருவரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்காவுக்குத் தையல் பிரித்து, அவள் மறுபடி கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு மாமா இசையமைத்த நாடகம் அரங்கேறியது. அக்கா போனாள். அவள் போவதால் சின்னவளும் போனாள். பின்வரிசையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மோசமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

மோசமாக இல்லை. மேடையில் ஒரு பெண் காலி வீட்டின் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கை அணைக்கும் காட்சி. வசனம் கிடையாது. ஒற்றைக் கருவி, நாலே சுரங்கள், ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சுரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரே சுரம் மட்டும் நின்று, அணைவதா வேண்டாமா என்று தயங்கியது. அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. சின்னவளின் கையில் மயிர் கூச்செறிந்தது. அந்த ஆளுக்கு முன்னால் தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்தது போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. முழங்கைக்குமேல் சுருட்டியிருந்த சட்டைக் கையை இழுத்துவிட்டு மூடிக்கொண்டாள்.

வெளியே மாமா ஆட்கள் சூழ நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அன்னிக்குக் கதவைத் திறக்காம போட்டது இதுதான்" என்றார் மனைவியிடம். மன்னிப்புக் கேட்கிற குரல் அல்ல, ரசீதைக் காட்டுகிற குரல்.

அக்கா தலையசைத்தாள். "ரொம்ப நல்லா இருந்தது. நிஜமாத்தான் சொல்றேன்."

"பின்ன?"

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து என்னை வீட்டுல கொண்டாந்து விட்டுட்டு, அப்புறம் உட்கார்ந்து போட்டிருந்தாலும் இதே மாதிரி வந்திருக்கும்."

"அதெப்படி உனக்குத் தெரியும்? இந்த மாதிரி வேலை எப்படி நடக்கும்னு உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கடைக்குப் பக்கத்துல ஒரு ரூம் பார்த்திருக்கேன். நாளைக்குப் போறேன்."

யாரோ பின்னாலிருந்து மாமாவின் முதுகில் தட்டி வாழ்த்துச் சொன்னார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவள் முன்னால் வந்து, "நானும் வரேன்க்கா. நாம ரெண்டு பேரும்..." என்றாள்.

"நீ வராதே" என்றாள் அக்கா. "உன்கூட இருந்தா, நீ என்னைப் பார்த்து எதை எழுதிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே இருக்கணும்."

அவள் தனியாகப் போனாள். சின்னவள் பெண்கள் விடுதியில் இடம் பிடித்தாள். தினமும் ஃபோன் போடுவாள். "சாப்பிட்டியா?" "ம்." "உடம்பு?" "ம்." அவ்வளவுதான். அலுவலகத்தில் பொறுப்பாசிரியர், அந்தப் படைப்பாளி அரைப் பக்கத்துக்கு வந்த வரவேற்பு மாதிரி வேறெதற்கும் வரவில்லை, 'நல்ல மனைவியின் அடையாளங்கள்' என்று ஒன்று போட்டுக் கொடு என்றார். முடியாது என்றாள். அவர் முறைத்துவிட்டு வேறொருவரிடம் கொடுத்தார். அது வந்தது. அதற்கும் பாராட்டு குவிந்தது.

மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அக்காவே கூப்பிட்டாள். எடுத்ததும் குசலம் எதுவும் விசாரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. அவர் நிஜமாவே நல்லா போடுறாரா, இல்ல கட்டிக்கிட்ட பாவத்துக்கு எனக்கு மட்டும் அப்படித் தோணுதா?"

சின்னவள் பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். நாக்கின் நுனிவரை வந்தது.

"நல்லாத்தான் போடுறார்க்கா."



"இன்னிக்குக் கடையில லென்ஸ் அரைச்சுக்கிட்டே அந்த விளக்கு மெட்டை முணுமுணுத்திருக்கேன்" என்றாள் அக்கா. "பக்கத்துல இருந்த பொண்ணு, அழகா இருக்கே, யாரோடதுன்னு கேட்டா. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. தெரியாதுன்னுட்டேன்."

சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.