ஹாப்ஸ் கொடியைப் பிடுங்கியவர்

என் ஹாப்ஸ் கொடியைக் கொன்றது அல் ஐன் வெயில் இல்லை. என் கணவர் சேதுமாதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இரண்டு மாதம் நான் அந்த வெயிலைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாப்ஸ் குளிர் நாட்டுக் கொடி. பீருக்குக் கசப்பையும் வாசனையையும் கொடுப்பது அதன் பூ. எனக்கும் பீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கள் வீட்டில் இஞ்சி டீயைவிடக் காட்டமாக எதையும் யாரும் குடித்ததில்லை. எதிர் வில்லாவில் இருந்த ஜெர்மன்காரி ஊருக்கே திரும்பிப் போனபோது தன் செடிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். இதைத் தொடுவதற்கு யாரும் இல்லை. "இந்த ஊரில் இது பூத்து நான் பார்த்ததில்லை, உன்னால் முடிகிறதா பார்" என்று தொட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் தாவரவியலில் எம்.எஸ்சி. படித்தவள். திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்கு இங்கே அமீரகத்தில் வேலை கிடைத்ததும் அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தேன். வந்ததிலிருந்து யாரும் என்னிடம் செடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று கேட்பார்கள். அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீதியைத் தாண்டியபோது எனக்கு வேலை கிடைத்துவிட்டதுபோல இருந்தது.

வடக்குச் சுவரோரம் நட்டேன். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினேன். பகல் நீளமாக இருந்தால்தான் அது உயரும் என்பதால் பொழுது சாய்ந்ததும் ஒரு பல்பைப் போட்டு அதை ஏமாற்றினேன். முதலில் அவரைக் கொடியைச் சுற்றிவிடுகிற பழக்கத்தில் கயிற்றில் சுற்றிவிட்டேன். மறுநாள் பார்த்தால் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவரை ஒரு பக்கம் சுற்றினால் இது மறுபக்கம் சுற்றும். கோயிலை வலம் வருகிற திசை. திருப்பிச் சுற்றிவிட்டதும் விறுவிறுவென்று ஏறியது. அதன் தண்டில் கொக்கி கொக்கியாக முள் உண்டு. குளிர்காலம் முழுக்க என் இரண்டு கையிலும் சிவப்புக் கோடுதான். அந்தக் கோடுகளைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஜூன் கடைசியில் மொட்டு வந்தது. நுனியில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கிற குட்டிப் பச்சை மொட்டு. இன்னும் சில வாரத்தில் அவை மெல்லிய காகிதத்தை அடுக்கியதுபோலக் கூம்பாக மாறும். ஆனால் மகள் ஹர்ஷினிக்குப் பள்ளி லீவு, திருச்சிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கணவரைச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். "ஏங்க, காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. வேற எதுவுமே செய்ய வேண்டாம்" என்றேன். "இதெல்லாம் ஒரு வேலையா, நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்றார்.

போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீடியோ காலில் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு, "பாரதி, உன் கொடி கருகிடுச்சும்மா. நாப்பத்தெட்டு டிகிரி. நான் என்ன பண்ண முடியும்?" என்றார். அதே சுவரில் நான் ஏற்றியிருந்த அவரைக் கொடியும் கோவைக் கொடியும்கூடக் கருகிவிட்டனவாம். நான்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வெயிலில் இந்த வேலையைக் கொடுத்துவிட்டேனே என்று. நிழல்வலை போதவில்லையா, வேர் அழுகியதா என்று திருச்சியில் உட்கார்ந்து மாய்ந்து மாய்ந்து யோசித்தேன். அந்த மன்னிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வந்ததும் தன்யா பார்க்க வந்தாள். நாங்கள் இருப்பது நான்கு தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரித்துவிட்ட ஒரே வில்லா. தன்யா மாடியில் இருக்கிறாள். வெறும் சுவரைப் பார்த்து, "நல்லவேளைக்கா, பெரிய பிரச்சினை ஆகாமத் தப்பிச்சீங்க" என்றாள்.

"என்ன பிரச்சினை?"

அவள் முழித்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

கீழ் வீட்டு ரெங்கராஜ், எங்கள் வில்லாவுக்குத் தானே பொறுப்பாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர், என் கொடியின் இலையைப் போனில் படம் எடுத்து, செடி பெயர் சொல்கிற ஆப் ஒன்றில் போட்டிருக்கிறார். ஹாப்ஸ் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே தாவரக் குடும்பம் என்ற இடத்தில் கஞ்சாக் குடும்பம் என்று இருந்திருக்கிறது. அவ்வளவுதான். அதை என் கணவரிடம் காட்டியதும் இரண்டு ஆண்களுக்கும் உயிர் போய்விட்டது. கறுப்புப் பைகளோடு இறங்கினார்கள். எது ஹாப்ஸ் என்று என் கணவருக்குத் தெரியவில்லை. அதனால் சுவரில் ஏறியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கினார். காய்த்துக்கொண்டிருந்த கோவைக்காயையும் சேர்த்து. இந்த ஊரிலேயே போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று காரில் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கிற முசஃபா வரை போய் அங்கே ஒரு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்களாம். கோவைக்காயைக் கடத்திய முதல் மனிதர் என் கணவராகத்தான் இருப்பார்.

"அப்புறம் சனிக்கிழமை மீட்டிங்ல அண்ணன் எல்லார்கிட்டயும் ஸாரி சொன்னாருக்கா. 'அவளுக்கு விவரம் பத்தாது, யாரோ கொடுத்தாங்கன்னு வாங்கி வச்சுட்டா'ன்னு. பாவமா இருந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."



என் கணவர் டூட்டி முடிந்து வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. "நம்ம இருக்கறது அடுத்தவன் நாட்டுல. விசா போனா என்ன பண்ணுவே? ஹர்ஷினி படிப்பு என்ன ஆகும்? பிடுங்கிட்டேன், கலாஸ், முடிஞ்சுது, விடேன்" என்றார்.

பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போகிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே நகராட்சியில் போய்க் கேட்டிருப்பேன். வைக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னால் என் கையாலேயே பிடுங்கியிருப்பேன். அழுதுகொண்டே பிடுங்கியிருப்பேன், ஆனால் பிடுங்கியிருப்பேன்.

"தக்காளியும் ஊமத்தையும்கூட ஒரே குடும்பம்தாங்க. ரசம் வைக்கறவளை எல்லாம் போலீஸ் பிடிக்குதா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். தெரியலைன்னா யாரைக் கேக்கணும்? வீட்டுல இதையே படிச்சுப் பாடம் நடத்தினவ இருக்கா. நீங்க ரெங்கராஜைக் கேட்டீங்க. அவர் ஏ.சி. டக்ட் விக்கறவரு."

"நீ ஊர்ல இருந்தே."

"தினமும் போன்ல பேசினோம். நீங்க அரைச்ச சட்னியில உப்பு ஜாஸ்தின்னுகூடச் சொன்னீங்க."

அவர் ரிமோட்டை எடுத்தார். என் ஆத்திரம் தலைக்கு ஏறியது அப்போதுதான். கொடி போனதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். பொய் சொன்னதையும் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்கு விவரம் பத்தாது என்று நான்கு பேர் நடுவில் சொல்லி, அதற்கு அனுதாபமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் மிச்சம் இருந்தது அந்த விவரம் ஒன்றுதான். அதையும் கறுப்புப் பையில் போட்டுக் கட்டிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை வில்லா மீட்டிங். ரெங்கராஜ் வீட்டு ஹாலில் ஆண்கள் கூடி தண்ணீர் மோட்டார், பார்க்கிங் என்று பேசுவார்கள். பெண்கள் வடை சுட்டு அனுப்புவதோடு சரி. நான் வடை சுடவில்லை. நேராக உள்ளே போய் நின்றேன்.

"வாங்க சிஸ்டர், என்ன விஷயம்?" என்று ரெங்கராஜ் எழுந்தார்.

"நான் ஊர்ல இருந்தப்போ இங்க எனக்கு விவரம் பத்தாதுன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருக்கார். அதை அவர் திருத்தணும். அதுக்காக வந்தேன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். என் கணவர் முகம் வெளிறிவிட்டது. "பாரதி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஆமா சிஸ்டர், பேமிலி மேட்டர்" என்றார் ரெங்கராஜ்.

"இங்கதானே பேசினீங்க. இங்கயே முடிச்சுக்கலாம்."

என் கணவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "ஜெயபாரதி எம்.எஸ்சி. பாட்டனி. காலேஜ்ல லெக்சரரா இருந்தாங்க. ரொம்ப டேலண்டட்" என்றார், விருந்தாளியை அறிமுகப்படுத்துகிறவர்போல. யாரோ தலையை ஆட்டினார்கள். அத்தோடு உட்காரப் பார்த்தார்.

"என் படிப்பை யாரும் கேக்கல. அந்தக் கொடியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? அதைச் சொல்லுங்க."

அவர் உதட்டை ஈரமாக்கிக்கொண்டார். 'தெரியாது' என்ற ஒரு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் நான் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பேன், அவருக்குப் பிடித்த குழம்பைக்கூட வைத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி, ரெங்கராஜின் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்னங்க பாக்கறீங்க?" என்றேன். "நான் இங்க நிக்கறேன்."