ஒரு பிடிப் புல்

முனாபுக்கு வந்திருப்பது குட்டநோய் என்று தெரிந்ததும் அவனை வாவி நடுவிலிருந்த ஆஸ்பத்திரித் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்போது அவனுக்கும் கைறுன்னிஸாவுக்கும் கலியாணமாகி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதன்பிறகு அவள் ஞாயிறுதோறும் காத்தான்குடியிலிருந்து நடந்து வந்து, தோணியேறி அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மற்ற நாட்களில் பன்புல்லில் பாய் இழைத்தாள்.

ஊரார் அவளை அய்யூப் நபியின் மனைவியோடு ஒப்பிட்டார்கள். நபிக்கு நோய் கண்டு எல்லோரும் கைவிட்ட பிறகும் கூடவே இருந்து பணிவிடை செய்தவள் அவள். முதலில் அந்தப் பேச்சு கைறுன்னிஸாவுக்கு ஆறுதலாக இருந்தது. வருடங்கள் போகப்போக, தலையில் இன்னொரு சுமையையும் ஏற்றி வைக்கிறார்களே என்றிருந்தது.

1939 தை மாதம் அவள் குளிர்காய்ச்சலில் விழுந்தாள். சில ஞாயிறுகள் தீவுக்குப் போக முடியவில்லை. எழும்பி நடக்க முடிந்ததும் போனாள். நோயாளரையும் பார்க்க வருபவரையும் பிரிக்கும் மரவேலிக்கு அப்பால் முனாப் நின்றான்.

"எங்க போயிருந்த?"

"காய்ச்சல். படுத்துட்டன்."

"பொய் சொல்லாத. உன்ட காக்கா உனக்கு வேற மாப்பிள பாக்காராம். இஞ்ச எல்லாருக்கும் தெரியும்."

அவளுடைய அண்ணன் மாப்பிள்ளை பார்க்கத்தான் செய்தான். அவள் சம்மதிக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே முனாப் கத்தினான்.

"அல்லாஹ் மேல சத்தியம். உனக்கு நூறு அடி அடிக்காம விடமாட்டன்."

அவள் கொண்டுவந்த சோற்றுப் பார்சலை வேலிக்கடியில் வைத்துவிட்டுத் தோணிக்குத் திரும்பினாள். அழக்கூட அவளிடம் தெம்பிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளைத் துறையில் எதிர்கொண்டது நல்லரத்தினம். அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர், கிறிஸ்தவ வேதக்காரர்.

"தங்கச்சி, அந்தாள் ஒழுங்காச் சாப்பிடுறல்ல. கோவத்தில சத்தியம் பண்ணிட்டாராம். நிறைவேத்தாமச் செத்தாப் பாவமாம், நிறைவேத்தவும் மனமில்லையாம். டொக்டரும் கேட்டுப் பாத்தாரு."

டொக்டர் ஹிர்ஷ் யூதர். தன் நாட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கப்பலேறியவர், சில மாதங்களுக்கு முன்தான் இங்கே வந்திருந்தார். அவளும் நல்லரத்தினமும் வேலியடிக்குப் போனபோது அவர் அங்கே முனாபோடு நின்றிருந்தார். தலை குனிந்து நின்ற முனாப், கைறுன்னிஸாவைப் பாராமலே சொன்னான்.

"அய்யூப் நபியும் நோயில கிடக்கக்குள்ள பொண்டாட்டிக்கு நூறு அடி அடிப்பன் எண்டு சத்தியம் பண்ணினாரு. சுகம் வந்த பொறகு, ஒரு பிடி புல்ல எடுத்து ஒருக்கா அடி, சத்தியம் முறியாது எண்டு அல்லாஹ் சொன்னான்."

நல்லரத்தினம் அதை டொக்டருக்கு இங்கிலீசில் சொன்னார். பிறகு தன் பங்குக்கு, "எங்கட வேதத்தில அவர் யோபு. அதில இந்தச் சத்தியம் இல்ல. கடவுளத் திட்டிட்டுச் செத்துப் போ எண்டு பெண்சாதி ஒருக்காச் சொல்லுவா. அதோட அவட பேச்சு முடிஞ்சுது. கடைசியில அவருக்குத் திரும்பப் பத்துப் பிள்ளை பிறக்கும். ஆர் பெத்த எண்டு எழுதியில்ல" என்றார்.

டொக்டர் யோசித்து யோசித்துப் பேசினார். நல்லரத்தினம் தமிழாக்கினார்.

"இவங்கட வேதத்திலயும் அதேதானாம். ஆனா யூதருக்குள்ள பழைய கதை ஒண்டு இருக்காம். அவ வீடு வீடாத் தண்ணி சுமந்தாவாம். கடைசியில தலைமுடியைக் கொடுத்து ரொட்டி வாங்கினாவாம்."

"எங்கட ஆக்களும் அப்பிடிச் சொல்லுவாங்க, முடிய வித்த எண்டு" என்றாள் கைறுன்னிஸா. "மறுகா என்ன நடந்த?"

"அவருக்கு நல்ல காலம் வாறத்துக்கு முதல் செத்துட்டாவாம். மாட்டுக் கொட்டிலுக்குள்ள."

"எங்கட கதையில அவ வயசு குறைஞ்சு திரும்பவும் குமராகிற" என்றான் முனாப் மெல்ல.

கைறுன்னிஸா மூவரையும் பார்த்தாள்.

"அந்த மனுசி களைச்சுப் போன எண்டு ஒருத்தரும் சொல்லல்லியா?"

நல்லரத்தினம் அதை இங்கிலீசில் சொன்னார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் ஊரில் விட்டுவந்த மனைவியைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை.

கைறுன்னிஸா கரையோரம் போனாள். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, அங்கே மண்டிக்கிடந்த பன்புல்லில் ஒரு பிடியை ஒடித்து வந்து வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"நூறு புல்லுக்கு மேல இரிக்கும். அடிங்க. முடிச்சிருவம்."

முனாப் தயங்கினான். அவனுடைய விரல்கள் மடங்கிப் போயிருந்தன. இரண்டு உள்ளங்கைகளுக்குமிடையே புல்லை இடுக்கிக்கொண்டு, கையை நீட்டி அவளுடைய தோளில் ஒருமுறை போட்டான். ஈரம் அவளுடைய சட்டையில் ஒட்டியது. கை மரத்துப் போனவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பட்டுதா?"

"பட்டுது."

அவன் புல்லைக் கீழே விட்டான். வேலியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். டொக்டரும் நல்லரத்தினமும் வார்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

"இஞ்சருங்க" என்றாள் கைறுன்னிஸா. "நான் உங்கள விட்டுட்டுப் போகல்ல. ஆனா இனி மாசத்தில ஒருக்காத்தான் வருவன். எனக்கி ஏலா."

ஊரார் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் மீண்டும் கத்தினாலும் கத்தட்டும் என்றுதான் சொன்னாள்.

"ஓம்" என்றான் அவன். "மாசத்தில ஒருக்கா வா."

அடுத்த மாதம் அவள் போனபோது டொக்டர் இல்லை. அவரைக் கொழும்புக்கு அழைத்துவிட்டார்களென்று நல்லரத்தினம் சொன்னார். முனாப் முகம் கழுவி, துவைத்த சாரனுடுத்திக் காத்திருந்தான். சோற்றை வாங்கிக்கொண்டான். அதைப் பிரிக்காமல் அவளைப் பார்த்துக் கேட்டான்.

"வராத ஞாயிறுல என்ன செஞ்ச?"

"படுத்துத் தூங்கினன்."

"நல்லாத் தூங்கினியா?"

"ஓம்" என்றாள். "மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லித்தான் எழும்பின."

முனாப் தலையாட்டினான். பிறகுதான் பார்சலைப் பிரித்தான்.