கூடத்துக் கேமராவில் சம்பந்தி வூடு

சக்கரபாணிக்கு எதையும் போனில் பார்த்தால்தான் நிம்மதி. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் வைத்து ஃபியூஸ் கட்டை செய்கிறவர். சூளையைக் கவனிக்க அங்கே ஒரு கேமரா மாட்டினார். அந்த ருசி விடவில்லை, வீட்டுக் கூடத்திலும் ஒன்று மாட்டினார். அப்புறம் சொன்னால் எரிகிற விளக்கு, கேட்டால் பாடுகிற பெட்டி. மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? எல்லாம் அவர் போனில், அவர் பாஸ்வேர்டில். மனைவி திரௌபதியும் மகள் சண்முகப்ரியாவும் அந்த ஆப்பைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

ப்ரியா அப்பாவின் யூனிட்டிலேயே கணக்கு பார்க்கிறாள். ஆனியில் அவளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை சேரன், சேத்தியாத்தோப்பில் டிராக்டர் ஷோரூமில் வேலை. ஆவணியில் கல்யாணம்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் சேரனின் அக்கா கனகா துபாயிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அந்த ஊதா சுடிதார் உனக்கு எடுப்பா இருக்குது, வெளியில போறப்பவும் அதையே போடு என்று ஆசையாகச் சொல்லியிருந்தாள். ப்ரியா அதை மறுபடி போட்டுக் கேட்டாள். அந்தச் சுடிதார் சாயம் போன பழசு. வீட்டைத் தாண்டி அதை அவள் உடுத்தியதே கிடையாது.

சாயங்காலம் அப்பாவின் போனை வாங்கி ஆப்பைத் திறந்தாள். கூடத்துக் கேமராவைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் என்ற இடத்தில் கனகாவின் பேர் இருந்தது. சக்கரபாணி நெற்றியில் அடித்துக்கொண்டார். நிச்சயத்துக்கு வரமுடியவில்லையே என்று அந்தப் பெண் போனில் அழுதாளாம். தட்டு மாற்றுவதையாவது பார்க்கட்டும் என்று இவர்தான் கொடுத்தாராம். விருந்துக் களேபரத்தில் அதைத் திரும்ப எடுக்க மறந்தே போனாராம்.

மறந்தது போகட்டும். அந்தக் கேமராவுக்குக் காதும் உண்டே!

ப்ரியாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஒருதரம்கூட வந்ததில்லை, ஆனாலும் மாத்திரை நிறுத்தவில்லை. நிச்சயம் முடிந்த கையோடு, மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடலாம் என்று அவள் எவ்வளவோ மன்றாடினாள். கழுத்தில் தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்று அப்பா அடித்துப் பேசினார். அந்தச் சண்டை அத்தனையும் நடந்தது கூடத்தில்தான், அந்தக் கேமராவுக்கு நேர் கீழே.

"இப்பவே பேர எடுத்துடுங்கப்பா."

"எடுத்தா அந்தப் பக்கம் காட்டிடும்மா. சம்பந்தி வூட்டுப் பொண்ணு மூஞ்சியில கதவச் சாத்துன மாதிரி ஆயிடும். கொஞ்ச நாளு பொறுத்துக்க."

வயரைப் பிடுங்கிவிடலாம் என்றால், திடீரென்று நின்றால் சந்தேகம் வருமாம். ஒருவேளை கேட்டிருக்கவே மாட்டாங்க, நாமளா கெடுத்துக்கக் கூடாது என்றார். பெண்ணைப் பெற்றவருக்குப் பயம், பாவம், அதில் புத்தி வேலை செய்யவில்லை.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. பனியனோடு உலாத்துகிற சக்கரபாணி சட்டை பட்டன் போட்டுப் பேப்பர் படித்தார். திரௌபதி டிவி முன்னால்கூட முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள். மாத்திரை அட்டை அரிசி டப்பாவுக்குள் போனது. பேச வேண்டியதையெல்லாம் அடுப்படியில், குக்கர் சத்தத்தில் பேசினார்கள். ப்ரியா தன் வீட்டுக் கூடத்தைக் கடக்கவே கூசினாள். அந்நேரம் யாராவது பார்க்கிறார்களோ, யார் யாரெல்லாம் பார்க்கிறார்களோ, அன்றைக்குப் பேசியதைக் கேட்டுவிட்டார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. தூக்கம் போயிற்று. தூக்கம் கெட்டால் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் காலையில் கூடத்தில் காபி டம்ளர் பிடித்த கை வெடுக்கென்று உதறியது. வலிப்புக்கு முந்தி வருகிற பழைய உதறல்தான், அவளுக்குத் தெரியாதா? டம்ளர் உருண்டது. வலிப்பு வந்தால் இங்கேதான் வரும், தரையில் விழுந்து வாயில் நுரை தள்ளுவதை அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த நினைப்பே அவளைக் கொன்றது. சிந்தின காபியைக்கூடத் துடைக்காமல் யூனிட்டுக்கு ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டு சேரனுக்குப் போன் போட்டாள். கல்யாணமே நின்றாலும் நிற்கட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அது தெரியுமேங்க" என்றான் சேரன்.

கனகா அக்கா முதல் வாரமே கேட்டுவிட்டாளாம். அவன் அம்மா ரெண்டு நாள் அழுதுவிட்டு, சிதம்பரத்தில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தாளாம். கல்யாணத்துக்குத் தடையே இல்லை என்று அவர் சொன்னாராம். நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னுதான் இருந்தோம், ஒண்ணும் பயப்படாதீங்க என்றான். அவ்வளவும் நல்ல மனசோடுதான் சொன்னான். ப்ரியாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அக்கா அதோட ஐடி, பாஸ்வேர்ட எங்களுக்கும் அனுப்பிடுச்சு. அம்மா டிவியில போட்டு தினம் பாப்பாங்க. நானும் சாப்பாட்டு நேரத்துல பாப்பேன். காலையில டம்ளர் விழுந்துச்சே, கை சுட்டுடுச்சா?"

அப்பா சட்டை போட்டுக்கொண்டு நடித்ததையும் அம்மா மாத்திரையை முந்தானையில் மறைத்து எடுத்துப் போனதையும் ஒரு குடும்பமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறது. சீ என்று வந்தது அவளுக்கு. அவர்கள் கெட்டவர்களாக இருந்தால்கூடத் தேவலை, சண்டை போட்டுத் தீர்க்கலாம்.

"அது நான் உங்ககிட்ட சொல்லவேண்டிய விஷயங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நேரே வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் கையிலிருந்த போனை வாங்கி, அவர் வேணாம்மா வேணாம்மா என்று கெஞ்சக் கெஞ்ச, கனகாவின் பேரை எடுத்தாள். பாஸ்வேர்டையும் மாற்றினாள். சக்கரபாணி தலையில் கை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். திரௌபதி அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ப்ரியாவின் போன் அடித்தது.

"ஏங்க, அக்கா பேர எடுத்துட்டீங்களாம்? அழுவுது. அம்மாவும் ஒரு மாதிரியா இருக்காங்க." சேரனின் குரல் இறங்கியிருந்தது. "இனிமே உங்கள எப்படிங்க பாக்கறது?"

ப்ரியா கேமராவுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"சேத்தியாத்தோப்புலேர்ந்து பஸ்ஸு இருக்குதுங்க. வந்து கதவத் தட்டுங்க. நான் தொறக்கறேன்."

ப்ரியா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவன் பதிலுக்குக் காத்திருந்தாள்.