தொட்டியை அடைத்த தம்பி

மனசராவுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. இன்று பாய் டீக்கா பண்டிகை. அக்கா தங்கை கையால் நெற்றியில் ஏழு நிறப் பொட்டு வாங்காமல் எந்த நேபாளத்து ஆம்பிளை சும்மா இருப்பான்? அவள் தம்பி லோக்பகதூர் ஏழு வருஷமாகப் பொட்டில்லாமல் இருந்தான், பாவம். பக்கத்து வளைகுடா நாட்டில் அவனுக்குக் குழாய் வேலை, இந்த விமானநிலையத்தில் அவளுக்குத் துடைக்கிற வேலை. விசா முடிந்தும் தங்கிவிட்டவனை இப்போது ஊருக்கு அனுப்புகிறார்கள். விமானம் மாறுவது இங்கேதான். நடுவில் நேரமிருக்கிறது, வெளியே வந்து பொட்டு வைத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தான்.

வந்தான், மாட்டிக்கொண்டான். விசா முடிந்து, ஊர் திரும்ப மட்டும் கொடுத்த ஒருவழிக் காகிதத்தில் போகிறவனுக்கு வெளியே வர இடைவழி விசா கிடையாது, உள்ளேயே உட்கார் என்றுவிட்டார் அதிகாரி. இவனும் கெஞ்சியிருக்கிறான், பண்டிகையை விளக்கியிருக்கிறான். சுவரிடம் சொல்லியிருந்தாலாவது கேட்டிருக்கும். போனில் அவன் குரல் உடைந்ததும் மனசராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் வீட்டுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவந்தவனை அரை மணி நேரம் வெளியே விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

அவளிடம் இருந்ததோ வாசல் பக்கத்துக்கான அட்டை. உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. சூப்பர்வைசர் ரோசலின், பிலிப்பைன்ஸ்காரி, அத்தனையையும் கேட்டுவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: உள்ளே ஏதாவது பெரிதாக நாசமானால்தான் கூடுதலாக ஓர் ஆளைத் தன் பொறுப்பில் கூட்டிப்போகலாமாம், இன்றைக்கென்று பார்த்து எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

மனசராவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"கழிப்பறையில கைகழுவுற தொட்டி இருக்கில்ல? எல்லாத்தையும் அடைச்சிட்டுக் குழாயத் தொறந்து விடு."

"அக்கா, என் பொழப்பே அடைப்பு எடுக்கறது."

"வாய மூடிட்டு அடைடா."

அடைத்தானே பாருங்கள்! தொழில் தெரிந்தவன் அடைத்தால் சும்மாவா? கொஞ்ச நேரத்தில் ரோசலினின் வாக்கி டாக்கி அலறியது, ஆண்கள் கழிப்பறையில் வெள்ளமாம். ஐயோ கடவுளே என்று அவள் நெஞ்சில் சிலுவை போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே. வாளியையும் மாப்பையும் மனசராவின் கையில் திணித்தாள். பொட்டுக்குப் பொடி வேண்டுமே என்று மனசரா தவித்தபோது, தன் பையிலிருந்து கண்ணுக்குப் பூசும் கலர் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

உள்ளே லோக்பகதூர் காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தான். காதோரம் நரைத்துவிட்டது. முதலில் முதுகில் ஓர் அடி வைத்தாள், இப்படியா இளைப்பாய் என்று. பிறகுதான் அழுகை வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு ரோசலின் சீக்கிரம், சீக்கிரம் என்று உயிரை வாங்கினாள். மனசரா விரலால் தொட்டுத் தொட்டு ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு நிறம் வைத்தாள்.

தம்பியைச் சுற்றி எண்ணெயும் தண்ணீரும் விட்டுக் கோடு போட வேண்டும், அதைத் தாண்டி எமன் வரமாட்டான். எண்ணெய்க்கு எங்கே போவது? தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மாப்பை நனைத்து அவனைச் சுற்றி மூன்று வட்டம் இழுத்தாள்.

வெளியே காத்மாண்டு விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். லோக்பகதூர் குனிந்து அவள் காலைத் தொட்டான்.

"இந்த மாப்புத் தண்ணிக்கெல்லாம் எமன் பயப்படுவானா, அக்கா?"

"வரட்டுமே. விசா இருக்கான்னு கேட்டு இங்கயே உக்கார வெச்சிர்றேன்."