நுன்சியா சொன்ன பெயர்

ஷாக்கா துறைமுகத்தில் பெயர் வைப்பதில் பேச்சுக்கே இடமில்லை. தலைப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர். அப்பன் செத்திருந்தால் மட்டும் அப்பன் பெயர். அதைத் தாண்டி யோசிக்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

நுன்சியாவின் புருஷன் அக்குர்சியோ மீன் பிடிக்கப் போய், குளிர்காலப் புயலில் படகோடு காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. இப்போது ஆண் குழந்தை பிறந்து, இன்று ஞானஸ்நானம். மாமனார் பெயரான கலோஜெரோவைச் சொன்னால் புருஷன் உயிரோடிருக்கிறான் என்று அர்த்தம். அக்குர்சியோ என்று சொன்னால் அவளே அவனைப் புதைத்த மாதிரி. வேடிக்கை பார்க்கத் தெருவே கோயிலில் வந்து உட்கார்ந்திருந்தது.

"கிழவன் பேரைத்தான் சொல்லுவா பாரு. விதவைன்னு ஒத்துக்க மனசு வருமா?" என்றாள் அகோஸ்தினா.

"உன் புருஷன் வீட்டுக்கு வராதப்ப நீ என்னத்த ஒத்துக்கிட்ட? வாயை மூடு," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

வாசலில் மாமனார் நுன்சியாவை மறித்தார்.

"என் பேரு வேணாம்மா. அவன் பேரை வை."

"அவரு செத்துட்டாருன்னு யாரு சொன்னா மாமா?"

"இன்னும் யாரு சொல்லணும்? கலோஜெரோன்னா என்ன அர்த்தம் தெரியுமா? பழைய கிரேக்கப் பேராம். நல்லபடியா முதுமை அடைஞ்சவன்னு அர்த்தமாம். மலைக் குகையில தவம் இருந்த நம்ம புனிதரை அப்படித்தான் கூப்பிட்டாங்களாம். பாரு, நல்லா நரைச்சு நிக்கிறேன், பெத்த புள்ளையைக் கடலுக்குக் குடுத்துட்டு. இந்தக் கேவலம் இவனுக்கும் வேணாம்."

அவன் திரும்ப மாட்டான் என்று நுன்சியாவுக்கும் தெரியும். தெரிந்ததை வாயால் சொல்லத்தான் பயம். பிள்ளையை அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டார் சாமியார்.

அவள் பிள்ளையை ஞானத்தகப்பன் கையில் கொடுத்தாள். தலையிலிருந்த நீலத் துணியை உருவிப் போட்டுவிட்டு, பையிலிருந்து விதவைகள் போடும் கறுப்புச் சால்வையை எடுத்து முக்காடிட்டாள். அகோஸ்தினா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்படியென்றால் அக்குர்சியோதான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

"கலோஜெரோ," என்றாள் நுன்சியா.

சாமியாரின் கை தண்ணீரோடு அந்தரத்தில் நின்றது. "கறுப்பைப் போட்டுக்கிட்டு இந்தப் பேரா? அப்படி வழக்கமில்லையேம்மா."

"எம் புருஷனுக்கு நான் அழுதுக்கறேன் சாமி. எம் புள்ள நரைக்கணும். பல்லு விழணும். கூன் போட்டுக் கம்பு ஊணணும். ஊத்துங்க."

தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது. புயலடித்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கிழவர், மகன் பெயரைச் சொல்லிக் கதறி அழுதார்.