மூன்றாவது பிளக்

“வண்டிக்கு இருமல் வந்தா யாரும்மா மருந்து குடுப்பா?”

ஐந்து வயதில் சின்னவன் கேட்ட கேள்வியாம். அன்று காலையிலிருந்து சித்தி அதை நான்காவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், தன் அக்காவின் உடலருகே உட்கார்ந்து. வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

பெரியவள் தலைமாட்டில் நின்று, அம்மாவின் காதோரம் கலைந்த நரைமுடியை ஈரக்கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. அந்தச் சின்னவன், இப்போது முப்பத்தெட்டு வயதான அவள் தம்பி, காரின் முன்னால் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெளியே போனாள்.

“எந்திரிடா. வந்தவங்க உன்னைத்தான் கேக்கறாங்க.”

“நேத்து ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வண்டி ஏன்க்கா அப்படி இழுத்துச்சு?”

“டாக்டர்தான் சொன்னாரே. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு, ஆஸ்பத்திரி வாசல்லயே விழுந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு.”

“அவரு எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வாரு.” அவன் நிமிரவில்லை. “பாலத்து மேட்டுல ரெண்டு தடவை நின்னுச்சு. நீ ஓட்டிட்டிருந்தே, பின்சீட்டுல அம்மா தலை என் மடியில இருந்துச்சு. அடக்கம் முடிஞ்சு வந்ததும் எஞ்சின்ல இருக்கற நாலு பிளக்கையும் கழட்டிப் பாக்கப்போறேன். நான் போட்டது. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“தெரிஞ்சு?”

அவளுக்குத்தான் தெரியுமே, எதையும் பாதியாக வருந்தத் தெரியாதவன் அவன். தன்னால்தான் அம்மா போனாள் என்று ஒருமுறை மனதில் எழுதிக்கொண்டுவிட்டால், பிறகு எந்த டாக்டர் வந்தும் அழிக்க முடியாது.

பத்து நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் கண்முன் நின்றது. முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்குகளை மாற்ற வேண்டும், ஒர்க்‌ஷாப்புக்கு எதற்குத் தண்டம் என்று சின்னவன் தானே உட்கார்ந்தான். பிளக் குழிகளில் தூசியை ஊதினான், ஒவ்வொரு ஒயராக உருவினான், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினான். ஓட்டுநர் பள்ளியில் பதினைந்து வருடமாகக் கற்றுக்கொடுக்கும் பெரியவளே குறை சொல்ல முடியாத நேர்த்தி. மூன்றாவது புதுப் பிளக் மட்டும் கை நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

“அதைப் போடாதடா. பீங்கான்ல கண்ணுக்குத் தெரியாம விரிசல் விட்டிருக்கும், வண்டி திணறும்.”

“நான்கூட மாடிப்படியில விழுந்தேன். எனக்கென்ன ஆச்சு?”

“உனக்குள்ள விரிசல் இல்லேன்னு யாருடா சொன்னா?” என்று அம்மா வாசலிலிருந்து சிரித்தாள். பிறகு அவளே, “போடுப்பா, புதுசை யாராவது தூக்கிப் போடுவாங்களா?” என்றாள்.

பெரியவளும் அதற்கு மேல் சொல்லவில்லை.

இப்போது அவள், “அம்மாவுக்குப் பூ வாங்கிட்டு வந்துடறேன்” என்று கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

“இந்த வண்டியிலயா?”

“பக்கத்துலதானே.”

கடைத்தெரு வரை வண்டி விக்கி விக்கித்தான் போனது. பூ வாங்கிக்கொண்டு, இரண்டு கடை தள்ளி இருந்த உதிரிபாகக் கடையில் ஒரு பிளக் கேட்டாள்.

“ஒண்ணு மட்டுமா? மாத்துனா நாலையும் சேத்து மாத்தணும்மா” என்றார் கடைக்காரர்.

“இன்னிக்கு ஒண்ணு போதும்ணே.”

ஓட்டுநர் பள்ளியின் மைதானம் விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்தது. பள்ளி அறையிலிருந்து பிளக் ஸ்பானரை எடுத்து வந்து பானட்டைத் தூக்கினாள். வெப்பம் முகத்தில் அடித்தது. சூட்டோடு கழற்றினால் எஞ்சினின் திருகு மரை பிய்ந்துகொண்டு வந்துவிடும். ஆற வேண்டும். நான்கு மணிக்கு அம்மாவை எடுக்கிறார்கள்; மணி இரண்டேகால்.

படியில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அவளுக்கென்று கிடைத்த முதல் தனிமை அது. அம்மாவுக்காக அழுதாள். அழுது முடித்தபோது நினைவில் வந்தவர் அப்பா.

இருபது வருடத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரியில் அப்பாவின் பக்கத்தில் அவள்தான் இருக்க வேண்டியவள். அவர் தூங்குகிறார் என்று எதிர்க்கடையில் தோழியோடு தேநீர் குடிக்கப் போய், பேச்சில் ஒரு மணிநேரம் கழிந்துவிட்டது. அவர் உயிர் போயிருந்ததை முதலில் வந்து பார்த்தவன் சின்னவன். பின்னாலேயே வந்த அம்மாவிடம், “அக்கா கடைசிவரைக்கும் கையைப் பிடிச்சுட்டு இருந்தாம்மா. இப்பதான் டாக்டரைக் கூப்பிட ஓடினா” என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவளிடம் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை, கோபத்தில்கூட இல்லை. அம்மா மட்டும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வாள்: “அவர் தனியாப் போகலை. என் பொண்ணு பக்கத்துல இருந்தா.” அந்த நிம்மதியோடுதான் இருபது வருடம் வாழ்ந்து, நேற்றுப் போனாள்.

எஞ்சினில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பொறுத்துக்கொள்ளும் சூடுதான்.

மூன்றாவதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள். வெள்ளைப் பீங்கானில், தலைமுடி விழுந்தாற்போல, மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு.

பிறகு புதியதை எடுத்தாள். அதன் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும். மற்ற மூன்றும் பத்து நாள் எரிந்தவை. பழையதன் நுனிக் கரியை விரலில் தேய்த்து, புதியதன் நுனியில் பூசினாள். ‘கடவுளே, இது பொய் என்றால் என்னைக் கேள், அவனைக் கேட்காதே’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மாட்டி முடுக்கினாள். விரிசல் விட்டதைச் சாலையோரச் சாக்கடையில் போட்டாள். மைதானத்தை ஐந்தாறு சுற்று சுற்றினாள். வண்டி விக்கவில்லை.

“பெத்தவளைப் போட்டுட்டு ஒரு முழம் பூவுக்கு இவ்வளவு நேரமா?” என்று சித்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், பூவை அம்மாவின் காலடியில் வைத்தாள்.

அடக்கம் முடிந்து வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. சின்னவன் சட்டையைக்கூட மாற்றாமல் பானட்டைத் திறந்தான். பழைய செய்தித்தாளை விரித்து, நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் உருட்டினான். மூன்றாவதை மட்டும் வெகுநேரம் பார்த்தான். நகத்தால் பீங்கானைச் சுரண்டிக்கூடப் பார்த்தான்.

பெரியவள் பக்கத்தில் நின்றாள்.

“நாலும் நல்லாத்தான்க்கா இருக்கு.”

“ம்.”

“அப்ப பெட்ரோல்லதான் ஏதோ தண்ணி கலந்திருக்கணும், இல்ல?”

அவன் பக்கத்தில் கிடந்த ஸ்பானரை அவள் எடுத்துக்கொண்டாள்.

அவன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்தான். “அம்மா” என்றான். இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, சின்னப் பிள்ளைக்கு வருவதுபோல, சத்தமாக.

அவள் அவனை அழ விட்டாள். குனிந்து செய்தித்தாளிலிருந்து பிளக்குகளை எடுத்து, கோணல் விழாதபடி, ஒவ்வொன்றையும் முதலில் விரலாலேயே மெதுவாகச் சுற்றி உள்ளே இறக்கத் தொடங்கினாள்.