விண்வெளியில் குமிழி வராது

படத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். ஆகாயத்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது. பூமியின் காற்றெல்லாம் அது வழியாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருத்தெருவாக விழுகிறார்கள், விழுந்த பிறகும் ஆளுக்கொரு பக்க வசனம் பேசுகிறார்கள். கதாநாயகன் ராக்கெட்டில் போய், ஒரு பெரிய ரப்பர் தகட்டை வைத்து ஓட்டையை அடைத்துவிட்டு வருகிறான். தளத்தில் விளக்குப் பிடிக்கிறவர்களே இதற்குப் பஞ்சர் படம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காதில் பூ சுற்றுவது சினிமாவின் பிழைப்பு. அதில் எனக்குச் சண்டை இல்லை. ராக்கெட் வளைவில் திரும்பும்போது டயர் தேய்கிற சத்தம் போட்டார்கள், சிரித்துவிட்டுப் போனேன். நான் தண்ணீர்க்காரி. தொட்டிக்குள் இறங்கியவர்களை உயிரோடு மேலே கொண்டுவருவது என் வேலை.

விண்வெளியில் மிதப்பதைக் காட்ட இவர்கள் தண்ணீரைத்தான் நம்புகிறார்கள். மூன்று மாடி ஆழத்துக்கு ஒரு தொட்டி. சுற்றிலும் கறுப்புத் துணி. அடியில் உடைந்த ராக்கெட்டின் பாதி. ஆள் அடியில் நின்று சிலிண்டரிலிருந்து குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்வான். என் ஆட்களில் ஒருவர் குழாயை வாங்கி ஒளித்துவைப்பார். கேமரா ஓடும். காட்சி முடிந்ததும் குழாயை மறுபடி வாயில் வைப்பார். இப்படியே நாள் முழுக்க.

அந்த ஆள் என் தம்பி. கதாநாயகனுக்கு டூப். தோளும் முதுகும் அச்சு அசல் கதாநாயகன் மாதிரியே இருந்ததுதான் அவனுடைய அதிர்ஷ்டமும் தரித்திரமும். நெருப்பில் ஓடுவது, மாடியிலிருந்து குதிப்பது எல்லாம் இவன். முகம் மட்டும் அவருடையது. அம்மா தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் திரையில் ஓடுகிற முதுகைக் காட்டி, "அதோ, என் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

கடைசிக் காட்சியில் கதாநாயகனின் ஹெல்மெட் விரிசல் விடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கன்னத்தை உப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ராக்கெட்டின் கதவு வரைக்கும் மிதந்து போவான். முதலில் தொட்டியின் அடியிலேயே இங்கிருந்து அங்கே போகிற மாதிரிதான் ஒத்திகை பார்த்தோம். படப்பிடிப்பு அன்று காலையில் டைரக்டருக்கு ஞானோதயம் வந்துவிட்டது.

"மேடம், பக்கவாட்டுல போனா உணர்ச்சி வரலை. அடியிலேர்ந்து மேல போகட்டும். நேரா. சொர்க்கத்துக்குப் போற மாதிரி."

"போகலாம் சார். ஆனா வாயத் திறந்து ஆன்னு காத்தை விட்டுக்கிட்டே போகணும்."

"குமிழி வருமே."

"வரும். வரணும்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "விண்வெளியில குமிழி வராது மேடம். ஜனங்க சிரிப்பாங்க. நம்ம படத்துல சயின்ஸ் கரெக்டா இருக்கணும்."

ஆகாயத்துக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் சொல்கிறார்! என் காதுகளை நானே நம்பவில்லை. குமிழிகளைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாமே என்றேன். ஒவ்வொன்றாக அழிக்க மாதக்கணக்காகும், ரிலீஸ் தேதி சொல்லியாகிவிட்டது என்றார்.

வாயால் சொன்னால் ஏறாது என்று ஒரு பலூனை எடுத்துக்கொண்டு தொட்டியின் அடிக்குப் போனேன். குழாய்க் காற்றை அதில் நன்றாக ஊதிக் கட்டி, கையை விட்டேன். அடியில் தண்ணீரின் அழுத்தம் காற்றை நெருக்கி வைத்திருக்கும். மேலே வரவர அழுத்தம் குறையும், காற்று விரியும். பலூன் பாதி வழியிலேயே ஊதிப் பெருத்து, மேல்மட்டத்துக்கு வருமுன் வெடித்தது. நான் தலையை வெளியே நீட்டி, "பார்த்தீங்களா சார், இதுதான் அவன் நெஞ்சு" என்றேன்.

"சூப்பர் மேடம்!" என்று கைதட்டினார் டைரக்டர். "இதையும் படத்துல எங்கயாவது வெச்சுக்கலாம்."

அந்தப் படத்துக்கு ஒரு விஞ்ஞான ஆலோசகர் இருந்தார். இயற்பியலில் டாக்டர் பட்டம். தினமும் கழுத்துத் துண்டோடு வந்து டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார். தளத்தில் அவருக்கு ஆமாம்சாமி என்று பெயர். அவருக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது, சொன்னால் எனக்காகப் பேசுவார் என்று நினைத்து டீ கொடுக்கிற இடத்தில் பிடித்தேன்.

"எனக்குத் தெரியும்மா," என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே. "தண்ணியில மட்டுமில்ல, நிஜமான விண்வெளியிலயும் அப்படித்தான். வெளிய காத்தே கிடையாது. மூச்சைப் பிடிச்சா நுரையீரல் கிழிஞ்சிடும். காத்தை விட்டுடணும். முதல் நாளே அவர்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"கன்னம் உப்பினாத்தான் ஜனங்களுக்குப் புரியும்னார். நானும் விட்டுட்டேன். படம்தானேம்மா."

"சார், கீழ நிக்கிறது படமில்ல. என் தம்பி."

"நீங்க இருக்கீங்களே, பார்த்துக்க மாட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். அந்த பிஸ்கட்டை அவர் டீயில் நனைத்த நிதானம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. தெரியாதவனைத் திட்டலாம், தெரிந்தவனை என்ன செய்வது?

திரும்பி வந்து, மேலே போகிற காட்சிக்கு என் ஆட்கள் ஒருவரும் குழாயைக் கழற்ற மாட்டார்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். டைரக்டர் உடனே இறங்கிவந்தார். "சரி மேடம், பக்கவாட்டுலயே எடுத்துக்கலாம். சாப்பாட்டுக்கு அப்புறம்." அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தம்பி நனைந்த உடையோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். "நீ போய்ச் சாப்பிடுக்கா. நான் இதைக் கழட்டி மாட்டுறதுக்குள்ள உயிர் போயிடும். அப்புறம் சாப்பிடுறேன்."

போனேன். இரண்டு வாய்கூட உள்ளே போயிருக்காது. தண்ணீருக்கு அடியில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக வைத்திருக்கும் ஒலிபெருக்கியில் "ஆக்‌ஷன்" என்று சத்தம் கேட்டது. தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. செருப்போடு குதித்தேன்.

கறுப்புத் தண்ணீரில் அவன் நேராக மேலே வந்துகொண்டிருந்தான். கைகள் விரிந்து, கன்னம் உப்பி, கண்கள் திறந்து. ஒரு குமிழிகூட இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாதி ஆழத்தில் அவனை மறித்து, விலா எலும்புக்குக் கீழே ஓங்கி ஒரு குத்து விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறவனுக்கு இதைத்தான் செய்வோம், வேறு வழி கிடையாது. வாய் திறந்தது. காற்று கொத்தாகக் கொட்டியது. அவனைக் கட்டிப்பிடித்தபடி மேலே கொண்டுவந்தேன்.

"கட்! கட்! யாரு அந்தப் பொம்பளைய உள்ள விட்டது?" என்று டைரக்டர் கத்தினார். தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். துண்டில் இரத்தம் பட்டது. பேச வாயெடுத்தான், வேறு யாருடைய குரலோ வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் கழுத்தில் விரலை வைத்து அழுத்தினார். தோலுக்குக் கீழே நறநறவென்றது. நுரையீரல் கிழிந்து நெஞ்சில் கசிந்த காற்று அங்கே வந்து நின்றிருந்தது, குரலை மாற்றியதும் அதுதான். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டே மேல வந்தீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தம்பி என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். இன்னும் சற்று மேலே அப்படியே வந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார். இனிமேல் ஆழத் தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார்.

"யாரு கழட்டினா குழாயை?" என்று அவனைக் கேட்டேன்.

"நானேதான் கழட்டிக் கொடுத்தேன்," என்றான் அந்த வேற்றுக் குரலில். "இந்த ஷாட் நல்லா வந்தா ஒரு வேஷம் தரேன்னார்க்கா. முகம் தெரியற வேஷம்."

மறுநாள் டைரக்டர் பழக்கூடையோடு வந்தார். கூடவே ஆமாம்சாமி. அம்மா கட்டில் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, உங்க பொண்ணு ஏதோ ஆத்திரத்துல குத்திட்டாங்க. நாங்க அதைப் பெரிசு பண்ணலை. செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கும். தம்பிக்கு ராக்கெட்ல ஒரு டாக்டர் வேஷம் இருக்கு. குளோசப்பே வைக்கிறோம்."

நான் பாய்ந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், கடைசியில் ஆமாம்சாமியின் கழுத்துத் துண்டைப் பார்த்தாள். "நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க. வெறும் மூச்சைப் பிடிச்சா நெஞ்சு கிழியுமா?"

ஆமாம்சாமி தொண்டையைச் செருமினார். "அடிபட்டாலும் கிழியலாம்மா."

பொய் இல்லை. அதுதான் அவருடைய படிப்பு. குத்தினால் நெஞ்சு கிழியும் என்பது யாருக்கும் புரியும், திரையில் காட்டினால் தியேட்டரே உச்சுக் கொட்டும். மூச்சைப் பிடித்தால் கிழியும் என்பதை யார் நம்புவார்கள்? கட்டிலுக்குக் கீழே துப்பவேண்டும் போல இருந்தது.

"நீ சொல்லுடா," என்றாள் அம்மா தம்பியிடம்.

அவன் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தான். "அக்கா குத்தினப்பத்தான் வலிச்சுது."

அதுவும் பொய் இல்லை. முந்தின நாள் டாக்டரம்மாவிடம் ஆடிய அதே தலைதான் தலையணையில் அசையாமல் கிடந்தது. டைரக்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கூடப்பிறந்தவனைக் குத்த உனக்கு எப்படிடி கை வந்துது?" என்று அம்மா கேட்டாள். நான் வெளியே வந்தேன்.

அதோடு தொட்டி வேலை போயிற்று. நடிகனை அடித்தவள் என்று பேர் பரவிவிட்டது, யாரும் கூப்பிடவில்லை. இப்போது நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பாடமே தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் குமிழி விடுவதுதான்.

படம் வந்தது. தம்பியே வீட்டுக்கு வந்து, கண்ணைப் பார்க்காமல், "வாக்கா" என்றான். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். அவன் முகத்தைத் திரையில் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது, வெட்கம் கெட்ட ஆசை. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவன் நடுவில்.

வந்தான். வெள்ளைக் கோட்டு, முழு முகம், ஒரே ஒரு வசனம்.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க! மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோங்க! ஒண்ணும் ஆகாது, டாக்டர் நான் சொல்றேன்!"

தியேட்டர் கைதட்டியது. அம்மா அந்தப் பக்கத்து ஆளை இடித்து, "முகத்தைப் பாருங்க, என் பிள்ளை" என்றாள். எழுந்திருக்கப் போனேன், அதற்குள் அந்தக் காட்சி வந்துவிட்டது.

அவன் முதுகும் தோளும், கதாநாயகன் முகமும் கறுப்பில் மேலே போயின. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டிருந்தது. அடுத்து வரப்போகிறது எதுவென்று எனக்குத் தெரியும். தம்பி மறுபடி இறங்க முடியாததால் அதே ஷாட்டைத்தான் வைத்திருந்தார்கள். குத்திய என் கையை மட்டும் ஷாட்டிலிருந்து வெட்டிவிட்டார்கள். அந்தக் குமிழிகள் பூமியிலிருந்து ஒழுகுகிற காற்றாம். ஆமாம்சாமி பேட்டியில் விளக்கம்கூடக் கொடுத்திருந்தார்.

திரையில் குமிழி வருவதற்கு வெகுமுன்பே எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மெல்ல, வாயைத் திறந்து, "ஆ..." என்று. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவசரமில்லாமல், நிறுத்தாமல். அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் என் தம்பி மட்டும் காற்றை விட்டுக்கொண்டிருந்தான். அவன் கை விலாவுக்குக் கீழே இருந்தது.

நான் அவன் பக்கம் திரும்பவில்லை. மன்னிக்கவும் இல்லை. அவன் மூச்சு முழுக்க வெளியே போகும்வரை காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.